ஐந்து இடங்களில் ஒட்டப்பட்டது

மகன்,

நீ காலுக்குச் சப்பாத்து வாங்கப் பரந்தனுக்குப் போயிருக்கிறாய். திரும்பி வர இரண்டு மணித்தியாலமாவது ஆகும். அதற்குள் எழுதிவிட வேண்டும் என்று சமையலைப் பாதியில் விட்டுவிட்டு மேசைக்கு வந்திருக்கிறேன். நேரே சொல்லலாம்தானே என்று கேட்பாய். நேரே சொல்ல இந்த ஏழு வருடத்தில் எத்தனையோ தரம் வாயெடுத்தேன். ஒவ்வொரு தரமும் மழையைப் பற்றியோ மாட்டைப் பற்றியோ கதைத்து முடித்தேன். இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. மேசையில் விரித்தே வைக்கிறேன். நீ வருமுன் வேறு யாராவது வந்து வாசித்தாலும் வாசிக்கட்டும். ஊருக்குத் தெரிய வேண்டிய ஒன்றை ஒருமுறை மறைத்தவள் நான். இன்னொரு முறை மறைக்க மனமில்லை.

திங்கட்கிழமை நீ புளியங்குளத்துப் பக்கத்தில் கிராம உத்தியோகத்தராகப் பொறுப்பேற்கிறாய். சனம் உன்னை விதானையார் என்று கூப்பிடப்போகிறது. முந்தநாள் உன் கடமைப் பட்டியலை எனக்கு உரத்து வாசித்தாய். வாக்காளர் இடாப்பு, வதிவிடச் சான்றிதழ், வெள்ள நிவாரணம் என்று வாசித்துக்கொண்டு வந்தவன், "அறிவித்தல்களைப் பொதுமக்களுக்குக் காட்சிப்படுத்தி உறுதிப்படுத்தல்" என்ற இடத்தில் சிரித்தாய். "கடைசியில உங்கட வேலைதான் அம்மா எனக்கும்" என்றாய். நான் தேத்தண்ணி போடுகிறேன் என்று எழுந்து குசினிக்குள் போய்விட்டேன். அன்று பின்னேரம் வாழ்த்த வந்த எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "கொம்மாவைப் போல நேர்மையா இரு தம்பி." ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல எனக்கு உடம்பு கூசியது. வராதவள் லெட்சுமி மாமி ஒருத்திதான். அவள் ஏன் வரவில்லை என்று நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஊர் சொல்லும் கதை உனக்குத் தெரியும். வீதி விசாரணையில், நிறைந்த மண்டபத்தில், மேலதிகாரிக்கு முன்னால் உண்மையைச் சொன்ன பியோன் அக்காவின் கதை. அது பொய்யில்லை. ஆனால் அது பின்பாதி. முன்பாதியை ஊர் எனக்காக மறந்துகொடுத்தது. அதை நீயாவது மறக்காமல் வைத்திருக்க வேண்டும்.

உன் அப்பாவைக் கடைசிச் சண்டையில் இழந்து, முகாமிலிருந்து உன்னோடு திரும்பி வந்த இரண்டாம் வருடம் எனக்கு அந்த அலுவலகத்தில் வேலை கிடைத்தது. எந்த அலுவலகம் என்று இங்கே எழுதமாட்டேன், அதிகாரியின் பெயரையும் எழுதமாட்டேன். தற்காலிக வேலை. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். கோதுமை மாவைக் காய்ச்சிப் பசை செய்து, பால்மா டின்னில் ஊற்றி, சைக்கிள் கைபிடியில் தொங்கவிட்டுக்கொண்டு போவேன். அலுவலக விறாந்தை, சங்கக்கடை, பள்ளிக்கூடப் படலை, பஸ் நிறுத்தம், அம்மன் கோயில் மதில். இந்த ஐந்தும்தான் அறிவித்தல் ஒட்டும் இடங்கள். ஒட்டி முடிந்ததும் அறிவித்தலின் பிரதியின் பின்பக்கத்தில் திகதியையும் இடங்களையும் எழுதிக் கையெழுத்து வைத்து அலுவலகக் கோவையில் சேர்ப்பேன். மதிலில் ஒட்டியது மழையில் கரைந்துபோகும், ஆடு தின்னும். கோவையில் இருப்பது மட்டும் அப்படியே இருக்கும். நாளைக்கு ஒரு பிரச்சினை என்று வந்தால் சட்டம் மதிலைப் பார்க்காது, அந்தப் பிரதியைத்தான் பார்க்கும். என்னுடைய கையெழுத்துக்கு அவ்வளவு பெறுமதி இருந்ததை நான் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

நீ உயர்தரம் படித்துக்கொண்டிருந்தபோது அந்த வீதித் திட்டம் வந்தது. பெரிய வீதியிலிருந்து களப்புப் பக்கம் போவதற்குக் குளக்கட்டைச் சுற்றிப் போன பழைய பாதையை விட்டுவிட்டு, வயலுக்குள்ளால் நேரே வெட்டப் போகிறார்கள் என்றார்கள். கடைக்காரர்களுக்கும் மணல் ஏற்றுகிறவர்களுக்கும் அது நல்ல செய்தி. அந்த நேர்கோடு நம் குடியிருப்பின் பின்வரிசையில் எட்டு வீடுகளுக்கு மேலால் போனது. மலையகத்திலிருந்து கலவரத்தில் அடிபட்டு வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகள் நாங்கள். அந்த எட்டு வீட்டிலும் காணி அனுமதிப்பத்திரம் உள்ளவர் ஒருவரும் இல்லை. கையில் பத்திரம் இல்லாதவனுக்கு ஒரு கூட்டத்தில் எழும்பி நின்று "இது என்ர இடம்" என்று சொல்லக் கிடைக்கும் வாய்ப்பு மட்டும்தான் பத்திரம். வீதிக்கான அந்தப் பொதுக்கூட்டம் பற்றிய கடிதம் அலுவலகத்துக்கு வந்தபோது அதிலேயே எழுதியிருந்தது: கூட்டத்துக்குப் பதினான்கு நாட்களுக்கு முன்பே ஐந்து இடங்களில் அறிவித்தல் ஒட்டப்பட வேண்டும், ஆட்சேபம் உள்ளவர்கள் நேரில் வந்து சொல்லலாம். கடிதம் அந்த அதிகாரியின் மேசை லாச்சிக்குள் கிடந்தது. மறதியா, வேண்டுமென்றா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். புதன்கிழமை மூன்றரைக்கு என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, இதை ஒட்டிவிடுங்கோ. விறாந்தையில மட்டும் ஒட்டினாக் காணும்."

வாசித்துப் பார்த்தேன். "சேர், கூட்டம் நாளைக்கெல்லோ?"

"தெரியும். பிரதியில ரெண்டு கிழமைக்கு முந்தின திகதியைப் போடுங்கோ. அஞ்சு இடமும் எழுதுங்கோ. கூட்டம் பிந்தினா திட்டமே வேற மாவட்டத்துக்குப் போயிடும். அதுக்கு ஆர் பொறுப்பு, நீங்களோ?" பிறகு குரலைத் தணித்து, "உங்கட புதுப்பிப்புக் கடிதமும் என்ர மேசையிலதான் கிடக்குது. இந்தக் கிழமை அனுப்பிவிடுறன்" என்றார்.

அவர் மிரட்டினார் என்று ஊர் சொல்கிறது. அவர் மிரட்டவில்லை, மகன். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு உன் ரியூஷனும், ஒழுகுகிற கூரையும், ஒரு வருட வேலையும் கண்ணுக்குள் வந்தன. விறாந்தைப் பலகையின் மூலையில், பழைய ஏல அறிவித்தலுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். பிரதியில் அவர் சொன்ன திகதியை எழுதினேன். "ஐந்து இடங்களில் ஒட்டப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். கை நடுங்கியது என்று எழுத ஆசைதான். நடுங்கவில்லை. அழகாகவே எழுதினேன்.

இனி எழுதப்போவது நேற்றுவரை நான் யாருக்கும் சொல்லாதது. அன்று வீட்டுக்கு வரும் வழியில் லெட்சுமி மாமி, அந்த எட்டில் ஒன்றான தன் வீட்டு வேலியடியில் நின்று முருங்கைக்காய் பிடுங்கிக்கொண்டிருந்தாள். "என்னக்கா, இண்டைக்குப் பிந்திப்போச்சு?" என்று கேட்டாள். நான் சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றினேன். நாலு சொல்தான் வேண்டியிருந்தது: நாளைக்கு வீதிக் கூட்டம், வா. அவளிடம் சொன்னால் எட்டு வீட்டுக்கும் அரை மணித்தியாலத்தில் போயிருக்கும். காலையில் எட்டுக் குடும்பமும் மண்டபத்தில் நின்றிருக்கும். என் கையெழுத்துப் பொய்யாகவே இருந்தாலும் அந்தப் பொய்யால் ஒருவருக்கும் கேடு வந்திருக்காது. "வேலை கூட" என்றேன். அவள் நாலு முருங்கைக்காயை என் கூடையில் போட்டாள். நான் வாங்கிக்கொண்டு வந்தேன். அன்று நீயும் நானும் முருங்கைக்காய்க் குழம்போடு சாப்பிட்டோம்.

கூட்டத்தில் தேத்தண்ணி கொடுத்தவள் நானே. பொதுநோக்கு மண்டபத்தில் அறுபது கதிரை போட்டிருந்தது. பன்னிரண்டு பேர் வந்தார்கள். அதிகாரிகள், கடைக்காரர்கள், ஒப்பந்தக்காரரின் ஆள் ஒருவர். வரைபடத்தை விரித்தார்கள், மடித்தார்கள். "ஆட்சேபம் இருக்கோ?" என்று கேட்டுவிட்டு வெறும் கதிரைகளைச் சுற்றிப் பார்த்தார்கள். கூட்டறிக்கையின் கடைசி வரியில் ஆட்சேபம் எதுவும் தெரிவிக்கப்படவில்லை என்று எழுதினார்கள். நான் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு நின்றேன்.

இரண்டு கிழமையில் நில அளவைக்காரர் வந்து சிவப்பு மை பூசிய முளைகளை அடித்தார்கள். ஒன்று லெட்சுமி மாமியின் குசினிக்கு நடுவில் இறங்கியது. அடுத்த நாள் எட்டுக் குடும்பமும் அலுவலகத்துக்கு வந்தது. "எப்ப கூட்டம் வச்சனீங்கள்? எங்களுக்கு ஏன் சொல்லேல்லை?" என்று அவளுடைய புருஷன் சத்தம் போட்டான். அதிகாரி கோவையை எடுத்துப் பிரதியைத் திருப்பிக் காட்டினார். "இஞ்ச பாருங்கோ. பதினாலு நாளுக்கு முன்னமே அஞ்சு இடத்திலயும் ஒட்டியிருக்கு. உங்கட ஊர் அக்காதான் ஒட்டினவா. அவாவையே கேளுங்கோ."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். லெட்சுமி மாமிதான் கேட்டாள்.

"ஒட்டினனீங்களோ அக்கா?"

"ஓம்" என்றேன்.

வந்தவர்களில் ஒரு கிழவர், "எங்களுக்குத்தான் கண் தெரியேல்லைப் போல" என்றார். நீ கோயில் மதிலைப் பார்க்கவில்லை, நீ சங்கக்கடைக்குப் போகவில்லை என்று அவர்கள் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டு படியிறங்கிப் போனார்கள். லெட்சுமி மாமி மட்டும் என்னைப் பார்த்துவிட்டுக் கடைசியாக இறங்கினாள்.

அன்று பின்னேரம் நீ ரியூஷன் முடிந்து வந்து சைக்கிளைச் சாத்தியதும் கேட்டாய். ஞாபகம் இருக்கிறதா? "அம்மா, கூட்டத்துக்கு ரெண்டு நாளைக்கு முதல், செவ்வாய்க்கிழமை, நான் பரீட்சை விண்ணப்பம் பாக்க உங்கட விறாந்தைக்கு வந்தனான். பலகை முழுக்கப் பாத்தனான். அப்பிடி ஒண்டும் ஒட்டியிருக்கேல்லையே." நான் உன் கன்னத்தில் அறைந்தேன். பதினெட்டு வயதுப் பிள்ளையை. "வாயை மூடு. அந்த வேலையாலதான் உனக்குச் சோறு" என்றேன். நீ கன்னத்தைத் தடவவுமில்லை, அழவுமில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாய். அதற்குப் பிறகு அதைப் பற்றி நீ ஒரு சொல் கதைத்ததில்லை. நல்ல பிள்ளை, சொன்னதைக் கேட்கிறான் என்று நான் அப்போது ஆறுதல்பட்டேன். இப்போது யோசித்தால் நான் செய்ததில் மோசமானது அதுதான் என்று தோன்றுகிறது. பலகையில் இருந்ததை இருந்தபடி பார்த்து, பார்த்ததைச் சொன்ன ஒரே ஆள் நீ. உன்னைத்தான் அடித்தேன்.

எனக்குத் தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. நாங்கள் முகாமில் இருந்தபோது, வீட்டுக்கு விடுகிற குடும்பங்களின் பட்டியலை ஒருநாள் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் ஒட்டியிருந்தார்கள், நமக்கு வாசிக்கத் தெரியாத மொழியில். அதில் நம் பெயரும் லெட்சுமி மாமி வீட்டுப் பெயரும் இருந்தன. நாங்கள் அறிந்தபோது பஸ்கள் போய்விட்டன. அந்தக் கூடாரத்துக்குள் இன்னும் பல மாதம் இருந்தோம். உனக்குச் சொறி பிடித்தது அந்த மாதங்களில்தான். "சனம் பாக்காத இடத்தில ஒட்டினா அது அறிவித்தலோ அக்கா?" என்று அன்றைக்கு என்னோடு சேர்ந்து அழுதவள் அவள். அப்படிப்பட்டவளுக்கு நான் அதையே செய்தேன்.

லெட்சுமி மாமியின் வீடுதான் முழுதாகக் கோட்டுக்குள் விழுந்தது. இப்போதே சம்மதக் கடிதம் தராவிட்டால் மாற்றுக் காணியும் கிடைக்காது என்று யாரோ வந்து சொன்னார்கள். மற்ற ஏழு வீடும் மனு எழுதிக்கொண்டிருக்க, அவள் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைத்தாள். தகரத்தை அவளும் புருஷனுமாகவே கழற்றினார்கள். நான் வேலைக்குப் போகும்போது பாதிக் கூரை, வரும்போது வெறும் சுவர். அவள் என்னைக் கண்டு கையசைக்கவில்லை. நானும் சைக்கிளை நிறுத்தவில்லை.

மனுவுக்கு விசாரணை வந்தது. வெளியிலிருந்து ஒரு மூத்த அதிகாரி வந்தார், கண்ணாடி போட்ட ஒரு பெண். மண்டபத்தில் நிற்கவும் இடமில்லை. நீ பள்ளிக்கூட வெள்ளை உடுப்போடு யன்னலடியில் நின்றாய். முன்வரிசையில் எங்கள் அதிகாரி இருந்தார். காலையில் என்னிடம் "கேட்டதுக்கு ஓம் எண்டு மட்டும் சொல்லுங்கோ, அவ்வளவுதான்" என்று சொல்லியிருந்தார். நானும் அப்படியே சொல்வதற்குத்தான் போனேன். இதையும் ஊர் அறியாது.

"இது உங்கட கையெழுத்தோ?" என்று அந்த மூத்த அதிகாரி கேட்டா.

"ஓம் மெடம்."

"இந்தத் திகதியிலதான் ஒட்டினீங்களா?"

வாய் வரைக்கும் ஓம் வந்துவிட்டது. உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று முன்பே தெரிந்தவனைப் போல. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வீரத்தால் வந்த உண்மையில்லை அது. என் பிள்ளை எனக்காக வெட்கப்படுவதைக் கண்டு வந்தது.

"இல்லை மெடம். கூட்டத்துக்கு முதல் நாள் பின்னேரம்தான் ஒட்டினனான். ஒரு இடத்தில மட்டும். திகதியும் பொய், அஞ்சு இடமும் பொய்."

மண்டபம் இரைந்தது. எங்கள் அதிகாரி எழும்பினார், அவா கையைக் காட்டி இருத்தினா. "நீங்கள் சொல்லுறது உங்கட வேலைக்கும் பிரச்சினை எண்டு தெரியுமோ?" என்று என்னைக் கேட்டா. "தெரியும்" என்றேன். சனம் கைதட்டியது. பின்வரிசையில் லெட்சுமி மாமி கைதட்டவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போனாள்.

அடுத்த நாள் அவள் நம் படலைக்கு வந்தாள். நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். உள்ளே வா என்றேன், வரவில்லை.

"அண்டைக்கு வேலியடியில நிக்கேக்க உங்கட விரலில மாப்பசை காயேல்லை அக்கா. நான் கண்டனான். பிறகு கூட்டம் எண்டைக்கு நடந்ததெண்டு அறிஞ்சோடன எனக்கு எல்லாம் விளங்கிட்டுது."

"அப்ப ஏனடி அதுக்குப் பிறகும் கையெழுத்து வச்சனீ?" என்று கேட்டேன்.

"கந்தோரில எல்லாருக்கும் முன்னால உங்களைக் கேட்டனான்தானே. நீங்களே ஓம் எண்டாப் பிறகு நான் ஆரை நம்பி நிக்கிறது?"

அவ்வளவுதான். சத்தம் போடவில்லை, திட்டவில்லை. போய்விட்டாள்.

பிறகு நடந்ததை நீ கண்டாய். முதல் கூட்டம் செல்லாது என்றார்கள். புதிதாக அறிவித்தல் போட்டார்கள். அதை நானே ஐந்து இடத்திலும் ஒட்டி, ஏழு வீட்டு வாசலிலும் நின்று வாசித்தேன். கூட்டத்தில் நம் சனம் கதைத்தது. கோடு திரும்பவும் குளக்கட்டுப் பக்கமாக வளைந்தது. ஏழு வீடும் தப்பியது. என்னை முல்லைத்தீவுக் கரைக்கு மாற்றினார்கள். நீ தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுப் பரீட்சை எழுதினாய். ஆனால் லெட்சுமி மாமியின் வளவுக்குள் வீதி வரவேயில்லை. சம்மதித்துக் கொடுத்த காணி கொடுத்ததுதான் என்றார்கள். அங்கே வீதிக்குப் போடும் கிரவல் மண்ணைக் குவித்தார்கள், இன்னும் குவிந்து கிடக்கிறது. அவளுக்குக் காட்டோரத்தில் கொடுத்த துண்டில் யானை வந்து இரண்டு தரம் வாழையை மிதித்துவிட்டுப் போயிருக்கிறது. வேலியடியிலிருந்து விசாரணை வரை முப்பத்தாறு நாள். நான் முதல் நாளே சொல்லியிருந்தால் எட்டு வீடும் தப்பியிருக்கும். ஊர் என்னை மெச்சும்போதெல்லாம் நான் அந்த நாட்களை எண்ணுகிறேன்.

இப்போது அந்த மாதிரிப் பிரதிகள் உன் மேசைக்கு வரப்போகின்றன. பின்பக்கத்தில் திகதி எழுதுகிறவன் நீ. பதினான்கு நாள் என்பது அலுவலகத்துக்கு வெறும் எண்ணிக்கை. சனத்துக்கு அது கூலி வேலைக்கு ஒருநாள் லீவு சொல்வதற்கும், வெளியூரில் இருக்கும் மகளை வரச் சொல்வதற்கும், பயத்தை விட்டு நாலு பேர் சேர்ந்து கதைப்பதற்கும் உள்ள காலம். ஒட்டியதோடு நிற்காதே. ஒட்டிய இடத்துக்கு அடுத்த நாள் போய், அங்கே நிற்கிறவரிடம் கூட்டம் எப்போது என்று கேட்டுப் பார். அவருக்குத் தெரியாவிட்டால் நீ ஒட்டவில்லை என்றுதான் அர்த்தம். வாசிக்கத் தெரியாதவர் வீட்டுக்கும், பத்திரமில்லாதவர் வீட்டுக்கும் முதலில் போ. அன்பாகப் பேசி முந்திய திகதியைப் போடச் சொல்லும் ஒருவர் உனக்கும் வருவார். உன் புதுப்பிப்புக் கடிதமோ இடமாற்றமோ அவர் மேசையில் கிடக்கும். அவரைக் கெட்டவராக நினைக்க வேண்டாம், எதிர்த்துச் சண்டை போடவும் வேண்டாம். உண்மையான திகதியை எழுதிக் கொடு. வேலை போனால் வீட்டுக்கு வா. நம் இருவருக்கும் குறைய வைத்துச் சாப்பிடத் தெரியும். ஒருமுறை தவறிப்போனால் முப்பத்தாறு நாள் காத்திருக்காதே, அன்றைக்கே போய்ச் சொல்லு. அடுத்த நாள் அது வேறொருவருடைய வீடாகிவிடும்.

நேற்று நான் லெட்சுமி மாமியின் வீட்டுக்குப் போனேன். இத்தனை வருடத்தில் முதல் தரம். அவள் முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள். வேலியடியில் சொல்லாமல் விட்டதைச் சொன்னேன். அவளுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் என் வாயால் சொன்னேன். நீ விதானையாகப் போகிறாய் என்றும் சொன்னேன். நிமிராமல் நெல்லைக் கிண்டிக்கொண்டே, "தம்பி அண்டைக்கு விறாந்தையில வெறும் பலகையைப் பாத்தவனாம் எண்டு சனம் கதைச்சது. உண்மையோ?" என்று கேட்டாள். அந்தச் செவ்வாய்க்கிழமை உன்னோடு வந்த பெடியன் யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஓம் என்றேன். "அப்ப அவனுக்கு அந்த வேலை சரிவரும்" என்றாள். தேத்தண்ணி தரவில்லை. படலைவரை வந்து நின்றாள்.

உன் சைக்கிள் சத்தம் கேட்கும்போது நான் கிணற்றடியில் இருப்பேன். இதை ஆறுதலாக வாசி. வாசித்து முடித்துவிட்டு என்னிடம் வந்து, அன்று நான் அடித்த பிறகு உள்ளே போய் நீ என்ன நினைத்தாய் என்று சொல்லு. எவ்வளவு கடுமையாக இருந்தாலும் சொல்லு. நான் குறுக்கே பேசமாட்டேன்.

அம்மா